தலை அளவு: எழும்பூர் மியூசியத்துல இருந்து எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வரை

இந்த வாரம் ஒரு எண்ணோட வரலாறு.

வயசானவங்களுக்கு ஞாபக மறதின்னு மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து, அளவு கணக்குப் போடுற சாஃப்ட்வேர்ல ஓட்டினா, ஒரு அட்டவணை வரும். மூளையோட ஒவ்வொரு பகுதியும் எத்தனை மில்லின்னு அதுல இருக்கும். ஹிப்போகாம்பஸ் இவ்வளவு, வென்ட்ரிக்கிள் இவ்வளவு. அந்த அட்டவணையில ஒரு மூலையில இன்னொரு எண்ணும் இருக்கும்: மண்டையோட்டுக்கு உள்ள மொத்தம் எவ்வளவு இடம் இருக்குன்னு. பெரும்பாலானவங்களுக்கு இது 1,200-க்கும் 1,700-க்கும் நடுவுல எங்கேயோ வரும். குடும்பத்துல யாரும் அந்த எண்ணைப் பார்க்க மாட்டாங்க. டாக்டரும் அதைப் பத்திப் பேச மாட்டார். ஏன்னா அந்த எண் அங்க இருக்கிறதே, மத்த எண்கள்ல இருந்து அதோட பாதிப்பை எடுத்துப் போடுறதுக்காகத்தான்.

ஆனா சுமார் 120 வருஷத்துக்கு முன்னாடி, இதே சென்னையில, தலை அளவுதான் முக்கியமான முடிவு. அதை அளந்து, மனுஷங்களை வரிசைப்படுத்தினாங்க. ஒரு காலத்துல எல்லாத்தையும் தீர்மானிச்ச எண், இன்னைக்குக் கழிச்சுப் போடுற எண்ணா எப்படி ஆச்சு? அந்தக் கழித்தலைச் சரியாப் பண்றோமா? தப்பாப் பண்ணா யாருக்கு நஷ்டம்? இதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். இந்தக் கதைக்குள்ள நான் வந்ததே ஒரு ஃபங்ஷன் பேர் வழியாத்தான். அது எந்த ஃபங்ஷன்னு பாதி வழியில வரும்.

எழும்பூர், 1890-கள்

எழும்பூர் பாந்தியன் ரோடு மியூசியத்துக்கு ஸ்கூல் டூர்ல போகாத சென்னைப் பிள்ளை கிடையாது. எங்க அண்ணனூர்ல இருந்து போனா மூர் மார்க்கெட் வரைக்கும் லோக்கல் ட்ரெயின், அப்புறம் பஸ். திமிங்கல எலும்புக்கூடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மியூசியத்துக்கு 1885-ல சூப்பரின்டென்டன்ட்டா வந்தவர் எட்கர் தர்ஸ்டன். இங்கிலாந்துல மருத்துவம் படிச்சவர். சுமார் இருபது வருஷத்துக்கும் மேல அந்தப் பதவியில இருந்தார்.

1890-கள்ல அவர் சென்னை மாகாணம் முழுக்கச் சுத்தி மக்களோட உடம்பை அளக்க ஆரம்பிச்சார். உயரம், தலையோட நீளம், தலையோட அகலம், மூக்கோட நீளம், அகலம். கையில கேலிப்பர், உயரம் அளக்க ஒரு கம்பம். 1909-ல கே. ரங்காச்சாரியோட சேர்ந்து ஏழு தொகுதியா ஒரு பெரிய புத்தகம் போட்டார். தமிழ்ல அது ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ங்கிற பேர்ல வந்திருக்கு. இன்னைக்கும் சாதி வரலாறு பேசுற பல பேர் அதைத்தான் எடுத்துக் காட்டுறாங்க.

அளக்கப்பட்ட ஜனங்க இதை எப்படிப் பார்த்தாங்கன்னு அந்தப் புத்தகத்துலயே தர்ஸ்டன் எழுதி வச்சிருக்கார். வயநாட்டுல பணியர் பெண்கள் அவரைப் பார்த்ததும் ஓடிட்டாங்களாம். தங்கள்ல நல்லா இருக்கிறவங்களைப் பிடிச்சு, பதப்படுத்தி, மெட்ராஸ் மியூசியத்துல வைக்கத்தான் வந்திருக்கார்னு பயம். நீலகிரியில ஒரு இருளர், எப்பவோ நடந்த ஒரு சின்னக் குத்தத்துக்காகத் தேடப்பட்டவர். உயரம் அளக்குற கம்பத்தைப் பார்த்துட்டு இது தூக்கு மரம்னு சொல்லி, கிட்ட வரவே மாட்டேன்னுட்டார். தர்ஸ்டன் இதையெல்லாம் வேடிக்கையா எழுதுறார். எனக்கு என்னவோ அந்த இருளர் விஷயத்தைச் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டார்னு தோணுது. உன்னை அளக்குறவன் கையில அந்த எண் என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது.

அந்த எண்கள் என்ன ஆச்சு? இதே வேலையை வங்காளத்துல பெரிய அளவுல பண்ணவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. 1901 சென்சஸுக்கு கமிஷனரே அவர்தான். மூக்கோட அகலத்தை நீளத்தால வகுத்து, 100-ஆல பெருக்கினா வர்றது மூக்குக் குறியீடு. தலையோட அகலத்தை நீளத்தால வகுத்தா தலைக் குறியீடு. மூக்கு அகலமாக ஆக சாதி அடுக்குல இடம் கீழ போகும்னு ரிஸ்லி ஒரு விதி மாதிரியே எழுதினார். ஒரு கேலிப்பர், ஒரு வகுத்தல் கணக்கு, முடிவு ரெடி. ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வுக்கு அறிவியல் முத்திரை கிடைச்சது.

வகுத்தல்ல ஒரு சிக்கல்

ரிஸ்லி குறியீடுகளை நம்பி எழுதிட்டிருந்த அதே காலத்துல, 1897-ல, லண்டன்ல கார்ல் பியர்சன் ஒரு கட்டுரை எழுதினார். உடல் உறுப்புகளை அளக்கும்போது குறியீடுகளை, அதாவது விகிதங்களைப் பயன்படுத்தினா, இல்லாத தொடர்பு இருக்கிற மாதிரி தெரியும்னு எச்சரிக்கை பண்ணார்.

இதை நீங்களே வீட்டுல செஞ்சு பார்க்கலாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்க. மூணு காலம்ல, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம, ஒரே மாதிரி பரவல்ல ரேண்டம் எண்களைப் போடுங்க. முதல் காலத்தை மூணாவதால வகுங்க. ரெண்டாவதையும் மூணாவதால வகுங்க. இப்ப அந்த ரெண்டு விடைக்கும் கோரிலேஷன் பாருங்க. பூஜ்யத்துக்குப் பதிலா 0.5 பக்கத்துல நிக்கும். ரெண்டுக்கும் கீழ ஒரே எண்ணைப் போட்டதால வந்த ஒட்டுறவு அது. நிஜத்துல ஒண்ணும் கிடையாது. இந்த 1897 எச்சரிக்கையைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, எம்.ஆர்.ஐ. காலத்துல திரும்ப வரும்.

பியர்சன் நல்லவர்னு சொல்ல வரல. அவர் இனத்தூய்மை பேசின யூஜெனிக்ஸ் ஆள். ஆனா அவரோட லேப்ல வேலை பார்த்த ஆலிஸ் லீ ஒரு முக்கியமான வேலை பண்ணாங்க. 1898-ல டப்ளின்ல கூடின உடற்கூறியல் பேராசிரியர்கள் 35 பேரோட தலையை அளந்து, மண்டையோட்டுக் கொள்ளளவைக் கணக்குப் போட்டு, வரிசையா பட்டியல் போட்டாங்க. பேரும் புகழும் பெத்த சில பேராசிரியர்கள் பட்டியலோட அடியில இருந்தாங்க. பெண்கள் கல்லூரி மாணவிகள் சில பேர், அந்தப் பேராசிரியர்கள் சில பேரை விடப் பெரிய தலை வச்சிருந்தாங்க. தலை பெருசா இருந்தா புத்தி அதிகம்ங்கிற கதைக்கு, அளந்து காட்டியே விழுந்த அடி அது.

கல்கத்தாவுல ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியார்

இப்ப கதை கல்கத்தாவுக்குப் போகுது. பிரசாந்த சந்திர மஹலனோபிஸ், பிரசிடென்சி காலேஜ்ல இயற்பியல் பேராசிரியர். கேம்பிரிட்ஜ்ல படிச்சு முடிச்சு ஊர் திரும்பும்போது, பியர்சன் நடத்தின பயோமெட்ரிகா இதழ் தொகுதிகளை வாங்கி, கப்பல்லயே படிச்சுட்டு வந்தவர். 1920-ல நாக்பூர்ல நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுல நெல்சன் அன்னண்டேலைப் பார்க்கிறார். அன்னண்டேல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தோட தலைவர். கல்கத்தாவுல இருந்த ஆங்கிலோ-இந்தியர்களை அளந்த விவரங்கள் அவர்கிட்ட இருந்தது. இதைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கன்னு கொடுத்தார். முதல் கட்டுரை 1922-ல வந்தது.

மஹலனோபிஸ் அடுத்து ரிஸ்லியோட வங்காளத் தரவையே கையில எடுத்தார். கேள்வி இதுதான்: ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல எவ்வளவு ‘தூரம்’? ரிஸ்லி மாதிரி ஒரே ஒரு குறியீட்டை வச்சுச் சொல்லக் கூடாது. எல்லா அளவையும் சேர்த்துப் பார்க்கணும். ஆனா சேர்க்கும்போது ஒரு பிரச்சினை.

அதுக்கு எங்க ஏரியா உதாரணம் ஒண்ணு சொல்றேன். ஆவடியில ஆர்டினன்ஸ் குளோத்திங் ஃபேக்டரி இருக்கு. ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்கிற இடம். ரெண்டு சட்டை எவ்வளவு வித்தியாசம்னு கேட்டா, காலர், மார்பு, தோள் மூணையும் அளக்கலாம். ஒரு சட்டை இன்னொண்ணை விட மூணுலயும் பெருசு. அப்ப மூணு வித்தியாசமா? இல்ல. ஆள் பெருசு, அதனால மூணும் சேர்ந்து பெருசாயிடுச்சு. அது ஒரே வித்தியாசம், மூணு தடவை எண்ணிட்டோம். ஆனா காலர் சின்னது, தோள் பெருசுன்னு ஒரு சட்டை வந்தா, சென்டிமீட்டர் கணக்குல வித்தியாசம் குறைவா இருந்தாலும் டெய்லர் நிமிர்ந்து பார்ப்பார். அது வழக்கமா நடக்காத சேர்க்கை.

மஹலனோபிஸ் கண்டுபிடிச்ச தூரம் இதைத்தான் பண்ணுது. அளவுகள் ஒண்ணோட ஒண்ணு எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குதுன்னு முதல்ல பார்த்து, அந்தப் பொதுவான ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டி, அதுக்கப்புறம் தூரத்தை அளக்குது. பியர்சனும் கூட்டங்களை ஒப்பிட ஒரு கெழு வச்சிருந்தார். ஆனா அது எத்தனை பேரை அளந்தோம்ங்கிறதைப் பொறுத்து மாறும். கூட்டங்களுக்கு நடுவுல இருக்கிற தூரம், நீ எத்தனை பேரை அளந்தேங்கிறதைப் பொறுத்து எப்படி மாறும்னு மஹலனோபிஸ் மல்லுக்கட்டினார். இந்திய புள்ளியியல் கழகத்தை 1931-ல ஆரம்பிச்சார். 1936-ல அந்தத் தூரத்தோட முழு வடிவத்தையும் வெளியிட்டார்.

நான் சொன்ன ஃபங்ஷன் இதுதான். பைத்தான்ல சைபை லைப்ரரியில மஹலனோபிஸ்னே பேர் வச்ச ஃபங்ஷன் இருக்கு. மோசடி டிரான்ஸாக்‌ஷன் பிடிக்க, சென்சார் கோளாறு பிடிக்க, கூட்டத்துல ஒட்டாத ஒண்ணைப் பிடிக்க நாங்க அதை தினமும் கூப்பிடுறோம். அதோட மூலம், இந்தியர்களோட தலையையும் மூக்கையும் அளந்த கேலிப்பர் கணக்கு. ரிஸ்லியோட அதே எண்களை வச்சு மஹலனோபிஸ் கண்ட விஷயம் ஒண்ணு சொல்லணும். வங்காளப் பிராமணர்கள் வட இந்தியப் பிராமணர்களை விட, பக்கத்துல வாழ்ற மத்த வங்காளச் சாதிக்காரங்களுக்கு உடல் அளவுல நெருக்கமா இருந்தாங்க. கணக்கை ஒழுங்காப் போட்டதும் ரிஸ்லியோட சாதி ஏணி ஆட்டம் கண்டுடுச்சு.

ஆனா மஹலனோபிஸை சாதி எதிர்ப்புப் போராளியா ஆக்கிட வேண்டாம். அவர் கேள்வியோட சட்டகத்தை மாத்தல. சாதியைத்தான் அலகா வச்சுக் கணக்குப் போட்டார். மாறினது கணக்கோட நேர்மை.

ஹடகலியில இருந்து கேம்பிரிட்ஜ்

இந்தக் கதையில அடுத்த ஆள், அப்போதைய சென்னை மாகாணத்துல பிறந்தவர். பெல்லாரி மாவட்டம் ஹடகலி. இன்னைக்கு அது கர்நாடகா. 1920-ல பிறந்த சி.ஆர். ராவ். மஹலனோபிஸ்கிட்ட கல்கத்தாவுல வேலைக்குச் சேர்ந்தவர். 1946-ல கேம்பிரிட்ஜ் மானுடவியல் மியூசியத்துல இருந்து ஒரு வேலை வந்தது. சூடான் நாட்டுல ஜெபல் மோயாங்கிற இடத்துல, முதல் உலகப் போருக்கு முன்னாடி தோண்டி எடுத்த பழங்கால எலும்புக்கூடுகள் அங்க குவிஞ்சு கிடந்தது. அதை மஹலனோபிஸ் தூரத்தை வச்சு ஆராயணும். ராவ் போனார். பகல்ல மண்டையோடு அளக்கிறது, கூடவே ரொனால்ட் ஃபிஷர்கிட்ட பிஎச்.டி. பல அளவுகளை ஒரே நேரத்துல வச்சுக் கூட்டங்களைப் பிரிக்கிற கணக்கு முறைகள் 1948-ல அவர்கிட்ட இருந்து வந்தது. 2023-ல, 102 வயசுல, புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசு வாங்கினார். அதே வருஷம் ஆகஸ்ட்ல காலமானார்.

கேலிப்பர் காலம் கிட்டத்தட்ட இதோட முடியுது. மண்டையோட்டை வெளியில இருந்து அளந்த காலம் அது. அடுத்தது உள்ள பார்க்கிற காலம்.

ஒரு அம்மாவோட மூளை, 152 பேரோட சராசரி

எம்.ஆர்.ஐ. வந்ததும் ஒரு புதுப் பிரச்சினை. ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு சைஸ், ஒவ்வொரு வடிவம். உங்க மூளையில இருக்கிற ஒரு புள்ளியும் என் மூளையில இருக்கிற ஒரு புள்ளியும் ஒரே இடமான்னு எப்படிச் சொல்றது? ஊருக்கு ஒரு மேப் மாதிரி, மூளைக்கு ஒரு பொது மேப் தேவைப்பட்டது.

ரொம்ப நாள் உலகம் பயன்படுத்தின மேப், பிரான்ஸ்ல 1988-ல தலைராக்கும் தூர்னூவும் போட்ட அட்லஸ். அது 60 வயசுல இறந்த ஒரே ஒரு அம்மாவோட மூளை. அப்புறம் கனடாவுல மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் பல பேரோட ஸ்கேனை ஒண்ணு சேர்த்து சராசரி எடுத்தது. முதல்ல 305 பேர், அப்புறம் 152 பேர். இன்னைக்கு உலகத்துல நடக்கிற மூளை ஆராய்ச்சியில பெரும்பகுதி அந்த 152 பேரோட சராசரி மூளை மேலதான் உட்கார்ந்திருக்கு. இன்னொரு வேடிக்கை என்னன்னா, அந்தச் சராசரி மூளையைச் செஞ்ச விதத்தால, அது நிஜ மனுஷங்களோட சராசரி மூளையை விடப் பெருசு.

உங்க ஸ்கேனை எடுத்து, அந்தப் பொது மூளையோட பொருந்துற மாதிரி சாஃப்ட்வேர் இழுக்கும், திருப்பும், நகர்த்தும். காலேஜ் முதல் வருஷம் மேட்ரிக்ஸ் படிச்சீங்களே, டிடெர்மினன்ட் எதுக்குன்னு கேட்டீங்களே, அது இதுக்கு. அந்த மாற்றத்தோட டிடெர்மினன்ட், உங்க தலையை எத்தனை மடங்கு பெருசாக்கினாத்தான் பொது மூளைக்குப் பொருந்தும்னு சொல்லும். அதுல இருந்து உங்க மண்டைக்குள்ள எவ்வளவு இடம்னு கணக்குப் போடலாம். ஃப்ரீசர்ஃபர்னு உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் ஓட்டுற இலவச சாஃப்ட்வேர் இப்படித்தான் பண்ணுது.

நேரடியா அளக்காம ஏன் இப்படிச் சுத்தி வளைக்கணும்? மூளைக்கு வழக்கமா எடுக்குற எம்.ஆர்.ஐ. படத்துல எலும்பும் கறுப்பு, மூளையைச் சுத்தி இருக்கிற திரவமும் கிட்டத்தட்டக் கறுப்பு. எங்க திரவம் முடிஞ்சு எலும்பு ஆரம்பிக்குதுன்னு பிரிக்கிறது கஷ்டம். அதனால இந்த மதிப்பீடு. அதுலயும் ஒரு ஓட்டை உண்டு. பொருத்துற வேலையே மூளையைப் பார்த்து நடக்கிறதால, மூளை நல்லாச் சுருங்கிப் போனவங்களுக்கு மண்டை அளவும் தப்பா வர வாய்ப்பு இருக்கு.

சரி, மூளை அளவை விட்டுட்டு ஏன் மண்டை அளவு? மூளை வயசாக ஆகச் சுருங்கும். வியாதி வந்தா வேகமாச் சுருங்கும். மண்டையோடு, வளர்ந்து முடிஞ்சதுக்கப்புறம் அப்படியே நிக்கும். ஏரி வத்தினாலும் கரை இருக்கிற மாதிரி. கரையைப் பார்த்தா, நிரம்பி இருந்தப்போ எவ்வளவு தண்ணி நின்னிருக்கும்னு சொல்லலாம். மண்டைக்குள்ள இருக்கிற இடம், அந்த மனுஷரோட மூளை நல்லா இருந்தப்போ எவ்வளவு பெருசா இருந்திருக்கும்ங்கிறதுக்குச் சாட்சி.

அதே ரெண்டு பேர், மூணு பதில்

இப்பதான் கணக்கு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானே போட்டது.

ராமன்னு ஒருத்தர். மண்டைக்குள்ள 1,600 மில்லி இடம், ஹிப்போகாம்பஸ் 3.6 மில்லி. லட்சுமின்னு ஒருத்தர். 1,250 மில்லி இடம், ஹிப்போகாம்பஸ் 3.1 மில்லி. ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி ஹிப்போகாம்பஸ். அல்சைமர் வியாதியில சீக்கிரமே சுருங்குற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. ரெண்டு பேர்ல யாரைப் பத்திக் கவலைப்படணும்?

முதல் வழி, அப்படியே ஒப்பிடுறது. 3.6, 3.1. லட்சுமிக்கு அரை மில்லி கம்மி. பெரிய கவலை. ஆனா அவங்க தலையே சின்னது, அதனால இது நியாயமான ஒப்பீடு இல்ல.

ரெண்டாவது வழி, வகுக்கிறது. ராமனுக்கு 0.225 சதவீதம், லட்சுமிக்கு 0.248 சதவீதம். அட, லட்சுமிக்குத்தான் அதிகம். கவலையே இல்ல, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிடலாம்.

இங்கதான் ஆவடி ஃபேக்டரிக்குத் திரும்ப வரணும். ஒரு சட்டையை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்துல பெருசாக்கித் தைக்க முடியுமா? இடுப்பு 20 சதவீதம் பெருத்தவருக்குக் கை நீளமும் 20 சதவீதம் கூட்டினா, கை விரலுக்குக் கீழ தொங்கும். உடம்பு அந்த மாதிரி வளர்றதில்ல. மூளையும் அப்படித்தான். தலை பெருசானா ஹிப்போகாம்பஸும் பெருசாகும், ஆனா அதே விகிதத்துல இல்ல, கொஞ்சம் குறைவாத்தான். அப்ப வகுத்தா என்ன ஆகும்? சின்னத் தலைக்காரங்களுக்கு ஹிப்போகாம்பஸ் உண்மையை விடப் பெருசாத் தெரியும்.

மூணாவது வழி, எதிர்பார்ப்பைக் கழிக்கிறது. ஆரோக்கியமா இருக்கிற நிறைய பேரை எடுத்து, தலை 100 மில்லி கூடினா ஹிப்போகாம்பஸ் எவ்வளவு கூடுதுன்னு ஒரு கோடு போடணும். 0.1 மில்லி கூடுதுன்னு வச்சுக்குவோம். ரெண்டு பேரையும் 1,400 மில்லி தலைக்குக் கொண்டு வருவோம். ராமன் 3.6-ல இருந்து 0.2 குறைஞ்சு 3.4. லட்சுமி 3.1-ல இருந்து 0.15 கூடி 3.25. இப்ப லட்சுமிக்கு 0.15 மில்லி கம்மி. முதல் வழி காட்டின அளவுக்குப் பயம் இல்ல. ஆனா ரெண்டாவது வழி சொன்ன மாதிரி வீட்டுக்கு அனுப்பிடவும் முடியாது. கவனிக்கணும்.

ஒரே ஸ்கேன்தான். மூணு கணக்கு, மூணு பதில். முதல் கணக்கு சின்னத் தலைக்காரங்களை அநாவசியமாப் பயமுறுத்தும். ரெண்டாவது கணக்கு அவங்களோட வியாதியை மறைச்சிடும். சராசரியா பெண்களோட தலை ஆண்களை விடச் சின்னது. அதனால ரெண்டு தப்புலயும் முதல்ல அடி வாங்குறது பெரும்பாலும் பெண்கள்தான்.

ஆண் மூளை, பெண் மூளைன்னு வர்ற செய்திகள்லயும் இதே கதை. ஆணுக்கு ஹிப்போகாம்பஸ் பெருசுன்னு அப்படியே அளந்தா வரும். 2016-ல லீஸ் எலியட் குழு, அதுவரை வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தாங்க. தலை அளவைச் சரிக்கட்டினதும் அந்த வித்தியாசம் கரைஞ்சு போச்சு.

மூணாவது வழியும் முழுசா நம்பகமானது இல்ல. ஒரு பக்கம் எல்லாம் சின்னத் தலை, இன்னொரு பக்கம் எல்லாம் பெரிய தலைன்னு கூட்டமே பிரிஞ்சு கிடந்தா, அந்தக் கோடு எதைக் கழிக்குதுன்னே குழம்பிடும். அப்ப ஒரே தலை அளவு இருக்கிற ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்த்து ஒப்பிடுறது நல்ல வழி. ஆனா எந்த வழியா இருந்தாலும், வகுத்துத் தள்ளிட்டுச் சும்மா இருக்கக் கூடாதுன்னு பியர்சன் 1897-லயே சொன்னது இன்னைக்கும் நிக்குது.

யாரோட நார்மல்?

அந்தக் கோட்டுக்குத் திரும்ப வருவோம். ‘ஆரோக்கியமா இருக்கிற நிறைய பேர்’னு சொன்னேனே, யார் அவங்க? வெளிநாட்டுல எடுத்த ஸ்கேன்கள்ல போட்ட கோட்டை வச்சு, திருமுல்லைவாயல்ல இருக்கிற ஒரு பாட்டிக்கு ரிப்போர்ட் எழுதினா?

இந்தக் கேள்விக்கு இந்தியாவுல வேலை நடந்திருக்கு. ஹைதராபாத் ட்ரிபிள் ஐடியில ஜெயந்தி சிவசாமியோட குழு 2019-ல இந்திய மூளை அட்லஸ் ஒண்ணு வெளியிட்டாங்க. இளம் வயசு ஆண் பெண் 100 பேரோட ஸ்கேன். சராசரியா இந்திய மூளை நீளம், அகலம், உயரம், மொத்த அளவு எல்லாத்துலயும் மேற்கத்திய மூளையையும், சீன, கொரிய மூளைகளையும் விடச் சின்னதா வந்தது. மான்ட்ரியல் மேப்பை வச்சுக்கிட்டு இந்தியர்களைப் பரிசோதிச்சா தப்பா வியாதி பட்டம் கட்டிடுவோம்ங்கிறதுதான் அவங்க சொன்ன விஷயம். அடுத்து 2020-ல பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள், 6 வயசுல இருந்து 60 வயசு வரைக்கும் அஞ்சு வயசுப் பிரிவுக்குத் தனித்தனி இந்திய மேப் போட்டாங்க.

செய்தியில எது தலைப்பாச்சு? இந்தியர்களுக்கு மூளை சின்னதுங்கிறதுதான். அட்லஸ் எதுக்குப் போட்டாங்கங்கிறது கீழ எங்கேயோ போயிடுச்சு. 1901-ல இருந்து நம்ம மண்டைக்குள்ள ஏறி உட்கார்ந்திருக்கிற பழக்கம் அது. தலை அளவுன்னு ஒரு எண்ணைப் பார்த்ததும், அதை வச்சு யாரு மேல, யாரு கீழன்னு கேட்கத்தான் தோணுது. ஆனா அந்த அட்லஸோட நோக்கமே நேர் எதிர். தலை அளவு எதையும் தீர்மானிக்காம இருக்கணும்னா, முதல்ல அதை நேர்மையா அளந்து தனியா வைக்கணும். அளக்காம விட்டா அது ஒளிஞ்சிருந்து மத்த எல்லா எண்ணையும் கெடுக்கும்.

இன்னொரு விஷயமும் பார்க்கணும். ‘இந்திய மூளை’ங்கிறதும் ஒரு சராசரிதான். 100 இளைஞர்களோட சராசரி, 70 வயசுப் பாட்டிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்? மறதி வர்ற வயசுக்கு மேப் போடாம, 60-ல நிறுத்திட்டா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. நிம்ஹான்ஸ் வயசு வாரியா பிரிச்சதுக்குக் காரணமே ஒரே மேப் எல்லாருக்கும் பொருந்தாதுங்கிறதுதான். அதோட, ‘இந்திய மூளை’ன்னு ஒண்ணு உண்டு, அதுக்குள்ள தமிழ் மூளை, பஞ்சாபி மூளைன்னு பிரிக்க ஆரம்பிச்சா, சுத்திச் சுத்தி ரிஸ்லி வீட்டு வாசல்லயே போய் நிப்போம். மேப் தேவை, ஆனா அது அளவுகோல் மட்டும்தான். யாரோட அடையாளமும் கிடையாது.

நம்ம ஊர்லயும் இந்த வேலை நடக்குது. ஐஐடி மெட்ராஸ்ல இருக்கிற சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பர்ல ‘தரணி’ங்கிற பேர்ல, கருவுல இருக்கிற குழந்தையோட மூளைக்கு முப்பரிமாண அட்லஸ் வெளியிட்டாங்க. 5,132 மூளைச் சீவல்களோட படங்கள். உலகத்துல யார் வேணும்னாலும் இலவசமாப் பார்க்கலாம். தர்ஸ்டன் கேலிப்பரோட நின்ன எழும்பூர்ல இருந்து அந்த லேப், ஒரே ஊர்ல பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ள.

ரிப்போர்ட் வந்தா என்ன கேட்கணும்?

நம்மள்ல பல பேர் வீட்டுல தாத்தா பாட்டிக்கு இந்த மாதிரி ஸ்கேன் எடுத்திருப்போம், இல்ல எடுக்கப் போறோம். ரிப்போர்ட்ல ‘வயசுக்கு எதிர்பார்த்ததை விடச் சுருக்கம் அதிகம்’னு ஒரு வரி வந்தா, டாக்டர்கிட்ட மரியாதையா ரெண்டு கேள்வி கேட்கலாம். இது தலை அளவைச் சரிக்கட்டிச் சொன்னதா? யாரோட ஒப்பிட்டு எதிர்பார்த்தாங்க? பல ரேடியாலஜிஸ்ட்டுகள் எண்ணை மட்டும் நம்பாம, படத்தைக் கண்ணால பார்த்து, ஆளோட மறதி எப்படி இருக்குன்னு கேட்டுத்தான் முடிவு பண்றாங்க. அது நல்ல பழக்கம். சாஃப்ட்வேர் போடுற சதவீதத்தை மட்டும் வச்சு நீங்களே கூகுள் பண்ணி ராத்திரி முழுக்க முழிச்சுட்டு இருக்காதீங்க.

என்னை மாதிரி கோட் எழுதுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. டேட்டாவைக் கையில எடுத்ததும் நாம பண்ற முதல் வேலை நார்மலைஸ் பண்றது. ஒரே ஒரு லைன். எதால வகுக்கிறோம், வகுக்கலாமா, கழிக்கணுமா, அந்தச் சராசரி யாரோட சராசரின்னு யோசிக்கவே மாட்டோம். அந்த ஒரு லைன்ல ஒரு பாட்டிக்கு வியாதி இருக்கா இல்லையாங்கிறது மாறுதுன்னா, அதுக்கு மேல ரெண்டு வரி கமென்ட் எழுதி வைக்கிறது பெரிய வேலை இல்ல.

நீலகிரியில அந்த இருளர் கம்பத்துக்குக் கிட்ட வர மாட்டேன்னு நின்னாரே, அவருக்கு அந்த எண்ணைப் பத்திக் கேள்வி கேட்க வழி இல்லாம இருந்தது. நமக்கு இருக்கு. கேட்போம்.

அடுத்த வாரம் இன்னொரு கதையோட சந்திப்போம்.